ஜீப்பில் கட்டிய கறுப்புப் பெட்டி

என் ஜீப்பின் கூரைக்கம்பியில் கட்டியிருந்த கறுப்புப் பெட்டி வழியாக, கடல் கடந்த ஏதோ ஊரில் ஓர் அம்மா உட்கார்ந்து நான் வண்டி ஓட்டுவதைப் பார்க்கிறார் என்று நாற்பத்தெட்டு வயதில் மனசார நம்பினேன். நம்பியதோடு விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்கு வணக்கம் வைத்தேன். எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டாமல் விட்டது அந்த நாட்களில்தான்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் என் மதினி, அண்ணன் மனைவி. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பதினேழு பெண்களைத் தினமும் விடியலில் ஏற்றிப்போவது என் பிழைப்பு. அவரும் அவர்களில் ஒருவர். தேனியில் இருக்கும் பெண்கள் சங்கமும் ஆப்பிரிக்காவில் தேயிலை கிள்ளும் பெண்களின் சங்கமும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பொத்தானை அமுக்கிக் கேள்வி கேட்டால், விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்துத் திங்கட்கிழமை தமிழில் பதில் வரும். அந்த ஊர்ப் பெண்கள் கேட்ட கேள்விகளும் கூடவே வரும்.

முதல் வாரம், மருந்தடித்த செடிக்குள் எப்போது இறங்கலாம் என்று கேட்டார்கள். எனக்கென்ன. அடுத்த வாரம் கேரளத்துக் கூலி. அதுவும் எனக்கென்ன. மூன்றாவது திங்கள், கொண்டை ஊசி வளைவில் வைத்து, தேயிலைக்காரப் பெண் ஒருத்தியின் கேள்வி பெட்டியில் ஒலித்தது: எங்களை ஏற்றிப்போகும் வண்டியில் எத்தனை பேர் ஏறலாம்? நம் ஊருக்கான பதிலைத் தேனிக்காரர்கள் சேர்த்திருந்தார்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும், கேட்டுப் பாருங்கள் என்றார்கள்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பினேன். வயதில் சின்னவள்தான் பின்படியில் தொற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஜீப்பின் வழக்கம். அன்று அங்கே தொங்கியவள் மதினியின் மகள். எனக்கும் மகள் முறை. கண்ணாடியில் அவள் தாவணி நுனி மட்டும் ஆடியது.

புத்தகப்படி ஏற்றி இரண்டு நடை அடித்தால் இரண்டாம் கூட்டம் தாமதமாகும், தோட்டத்துக் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார், எல்லோரும் வேறு ஜீப் பார்த்துக்கொள்வார்கள். இப்படி எண்ணியெண்ணி வீட்டுக்கு வந்ததும் ஆர்.சி. புத்தகத்தை ஜீப் சீட்டுக்கு அடியில் செருகினேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று கண்ணாடி முன் ஒத்திகை வேறு.

மறுநாள் காலை மதினி என் பக்கக் கதவருகே வந்து நின்றார்.

"கொழுந்தனாரே, அந்தப் புக்கை இங்கன குடுங்க."

"எலி தின்னுபுடுச்சு மதினி."

"அப்ப எலியவாச்சும் காட்டுங்க."

பின்னால் சிரிப்பு கிளம்பியது. நான் கடைசி நம்பிக்கையாகப் பெட்டியைப் பார்த்தேன்.

"அதை ஏன் பாக்குறீக? அதுக்குக் கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்க அமுக்குனாத்தேன் அதுக்குக் காது கேக்கும். நீங்க கும்புடு போட்டதைப் பாத்தது நாங்கதேன்."

சீட்டுக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். மகள் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். ஓட்டுநரையும் சேர்த்துப் பத்துப் பேர்.

ஒன்பது பேர் ஏறினார்கள். அவள் நடு சீட்டில் உட்கார்ந்தாள். எட்டுப் பேர் சாலையோரம் நின்றார்கள். மலைமேல் இறக்கிவிட்டுத் திரும்ப வந்து அவர்களை ஏற்றிப்போனேன். ஒன்றரை மணி நேரம் தாமதம். கங்காணி கத்தினார். யாரையும் திருப்பி அனுப்பவில்லை.