அண்ணன் பாட்டு இருந்த கம்ப்யூட்டர்

அண்ணன் பைக் ஆக்சிடெண்ட்ல போனதுக்கப்புறம், அவன் குரல் அவனோட பழைய கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு. சர்ச்சுல பாடுற பாட்டெல்லாம் அதுல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தான். அம்மா கேக்கணும்னாங்க. ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. எங்க ஏரியா மௌலா அலியில ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

கடைக்காரர் உள்ள இருந்த ரேம் சிப்பைக் கழட்டி, ரப்பரால தேச்சு மாட்டுனார். ஸ்கிரீன் வந்துருச்சு. "ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மேட் பண்ணிடவா?"ன்னார். எனக்கு அர்த்தம் தெரியல. கேட்டா படிக்காதவன்னு தெரிஞ்சுடுமேன்னு அந்த ஊர் பேச்சுல "ஹவ் ஹவ்"னு, ஆமா ஆமான்னு தலையாட்டிட்டேன்.

வீட்ல அம்மா சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. எங்க தேடியும் ஒரு பாட்டும் இல்ல. வெளிய போய் கடைக்கு போன் பண்ணேன். "ஃபார்மேட்னா எல்லாம் அழிஞ்சுடும்ப்பா. நீதானே சரின்ன?"ன்னார்.

திரும்பி உள்ள வந்தா, "பழைய கம்ப்யூட்டர்டா, அது என்ன பண்ணும், பாவம்"னாங்க அம்மா.

அதுக்கும் தலையாட்டிட்டேன். அண்ணன்கிட்டன்னா ஃபார்மேட்னா என்னன்னு வெக்கப்படாம கேட்டிருப்பேன்.