அய்யாவுவின் மீன்தொட்டி

"யாருக்குப் பயம்?"

வாசலில் நின்று அய்யாவு கேட்கும் முதல் கேள்வி இதுதான். என்ன குடிக்கிறீர்கள் என்பதெல்லாம் பிறகு. கெலாங் பாத்தா ஊரின் கடைவரிசையில் இருக்கும் அந்தப் பீர் கடையில் இதற்குப் பதில் சொல்லாமல் யாரும் நாற்காலியைத் தொட முடியாது. "பொண்டாட்டிக்கு" என்றால் வாசலைப் பார்த்த மேசை. கார் வந்து நிற்பது தெரியும். "சூப்பர்வைசருக்கு" என்றால் தூணுக்குப் பின்னால். "எனக்கு யாருக்கும் பயமில்ல லா" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழிவறையை ஒட்டிய மேசையைக் காட்டுவார். "பயமில்லாதவன் எங்க உக்காந்தா என்னா?"

பரணிதரன் முதல்முறை வந்தபோது பதில் சொல்லத் திணறினான். விருதுநகர்க்காரன், பக்கத்துத் தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனைப் பொறியாளர். ஆங்கிலத்தில் துணிச்சலாகவும் தமிழில் தயங்கியும் பேசுகிறவன். அறையைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கி, திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். யாருக்குப் பயம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

"மொத்தமாவே பயம்தான்ணே" என்றான்.

அய்யாவுவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது.

அய்யாவு முன்பு பொந்தியான் ஊருக்குப் போகும் பேருந்தில் நடத்துனராக இருந்தவர். பேருந்துகளில் நடத்துனர் வேலையே இல்லாமல் போனபின் இங்கே பரிமாற வந்தார். பழக்கம் மட்டும் இறங்கவில்லை. புட்டியைத் திறக்குமுன் திறப்பானால் மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார், வண்டி புறப்படலாம் என்பதுபோல. கூட்டம் சேர்ந்தால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்பார். கடைக்குள் ஒருவர் பெயரையும் உரக்கச் சொல்லமாட்டார். உட்கார்ந்த இடம்தான் பெயர். "தூணுக்கு ஒரு கச்சான்" என்பார். வறுத்த கடலை போகும். "ஜன்னலு, ஒங்க வீட்டம்மா போன் அடிக்குது" என்பார். ஜன்னல் எழுந்து வெளியே ஓடும்.

வெளியூர்க்காரர்களுக்குப் பயப்படுகிறவர்களுக்கு மீன்தொட்டி. கடையின் சீன முதலாளி ராசிக்காக வாங்கி வைத்தது. ஆள் நீளம் இருக்கும். பச்சைப் பாசி படிந்த தண்ணீருக்குள் ஒரே ஒரு வெள்ளி மீன், வாடகை வீட்டில் உலாவுகிறவரைப் போலச் சலிப்போடு திரும்பித் திரும்பி நீந்தும். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, அந்தப் பக்கம் ஒரு மேசை. தொட்டியின் விளக்கை அய்யாவு போடவே விடமாட்டார். "வெளக்கு போட்டா மீனு தெரியும். மீனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் தெரிவான்."

அந்தச் சனிக்கிழமை மாலை பரணிதரனிடம் தெளிவான பதில் இருந்தது. "வரப்போற மாமனாருக்குண்ணே. ரெங்கம்."

அடுத்த ஞாயிறு, இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள ரெங்கத்தில் பரிசம். பெண் லோஷினி அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. விருதுநகரிலிருந்து அப்பா அம்மா கிளம்பி வருகிறார்கள். பெண்ணின் அப்பா சுகுமாறனைப் பரணிதரன் இன்னும் நேரில் பார்த்ததில்லை. வீடியோ அழைப்பில் ஒருமுறை பேசியிருக்கிறான். மீசையும் கண்டிப்புமாக இருந்த மனிதர், ஒவ்வொரு வாக்கியத்தையும் "வெளங்குதா?" என்று ஆணியடித்து முடித்தார். "மாப்ளைக்குத் தண்ணி கிண்ணி பழக்கம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடணும், வெளங்குதா?" வாய்க்குள் தயாராக இருந்த உண்மை எப்படிப் புரண்டதோ தெரியவில்லை. "வாசனைகூட ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டான். மாதத்துக்கு ஒன்று குடிக்கிறவன்தான். ஆனால் ஒன்றே குடித்தாலும் சொன்னது பொய்தானே. அன்றிலிருந்து தூக்கமில்லை. தூக்கமில்லாத கவலைக்குத்தான் இந்த மாதத்து ஒன்று.

"ரெங்கமா? தூரம் லா. நிம்மதியா மீனுக்கிட்ட உக்காருங்க." இரண்டு தட்டு. நுரை வழிந்தது.

அய்யாவுவின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. சொந்த ஊரில் குடித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று எல்லோரும் தூரத்துக்கு வருகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே தூரத்துக்கு வருகிறார்கள்.

பாதிக் குவளை இறங்கியபோது தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "கச்சான் வறுத்தது நமுத்துப் போயிருக்கு, வெளங்குதா?"

பரணிதரனுக்குக் குடித்ததெல்லாம் அப்படியே இறங்கிப்போயிற்று. பரிசத் தட்டு, லோஷினியின் முகம், விமானத்திலிருந்து இறங்கி நிற்கும் அப்பா, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்தன. கையைக் காட்டி அய்யாவுவை அழைத்தான்.

"அண்ணே, பின்கதவு இருக்காண்ணே?"

"ஏன், என்னா ஆச்சு?"

"மாமனாரு."

"அவருதான் ரெங்கத்துல இருக்காரே லா."

"இல்லண்ணே. மீனுக்கு அந்தப் பக்கம் இருக்காரு."

அய்யாவுவின் வாய் திறந்தபடி நின்றது. அவர் ஆட்சியில் இப்படி ஒரு மோதல் நடந்ததேயில்லை. "அலமாக்" என்று மலாயில் மெதுவாக ஓர் 'ஐயோ' போட்டார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தும் மேசையைத் தட்டும் சத்தம். "இருங்க, அசையாதீங்க" என்று போனார்.

முணுமுணுப்பு கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. குவளையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, அடையாள அட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த ஏலக்காயை மொத்தமாக வாயில் போட்டுக் கடித்தான் பரணிதரன்.

அய்யாவு திரும்பி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. உதட்டை மடித்துக் கடித்திருந்தார். தோள் குலுங்கியது.

"அந்தப் பக்கமும் பின்கதவு கேக்குது" என்றார்.

"எதுக்குண்ணே?"

"அடுத்த ஞாயித்துக்கெழம மகளுக்குப் பரிசமாம். மாப்ள தண்ணியே தொடாத புள்ளயாம். இவரு குடிய விட்டு மூணு வருசமாச்சுன்னு சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்காராம். இங்க தம்பி வீட்டுக்கு வந்தவரு, சும்மா ஒண்ணு போடலாம்னு உள்ள வந்தா, மீனுக்கு இந்தப் பக்கம் இந்தியாக் கொரலு கேக்குதாம். மாப்ள கொரலு மாரியே இருக்குதாம். எந்திரிச்சு ஓடப் பாக்குறாரு லா மனுசன்!"

பரணிதரன் கடித்த ஏலக்காயை விழுங்கிவிட்டான். மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் பிடித்து வைத்திருந்த மூச்சு, முழுசாக, சத்தத்தோடு வெளியே வந்தது.

"கதவு ஒண்ணுதான். ரெண்டு பேரும் சந்துல முட்டிக்கிட்டா நான் பொறுப்பில்ல" என்றார் அய்யாவு. பிறகு, யாரிடமும் கேட்காமல், சுவரில் கைவைத்து மீன்தொட்டியின் விளக்கைப் போட்டார்.

பச்சை வெளிச்சம் பரவியது. மீன் திடுக்கிட்டுத் திரும்பியது. அதன் வாலுக்குப் பின்னால் ஒரு மீசை, அரைக் குவளை, உருண்ட இரண்டு கண்கள். பரணிதரன் மரியாதைக்காக எழுந்தான். அவரும் எழுந்தார். எழுந்தவர் குவளையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மாமா..."

"தம்பி, ஞாயித்துக்கெழமதான் நாம மொத மொதல்ல பாத்துக்கிறோம். வெளங்குதா?"

"வெளங்குது மாமா."

"அப்ப நான் அங்க வரவா, நீங்க இங்க வர்றீங்களா?"

அவரே வந்தார், கடலைத் தட்டோடு. உட்கார்ந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வீடியோவில் பார்த்த கண்டிப்பு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "எனக்கு என்னாங்க மாப்ள, ஒண்ணு ரெண்டு போட்டா தப்பா? எல்லாம் எம் மச்சான் குணாளன் பண்ற வேல. பொண்ணுக்குத் தாய்மாமன் பாருங்க. மாப்ள குடிகாரனா இருந்தா மாலையே எடுத்துக் குடுக்கமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நானும் குடிய விட்டேன்னு அவனுக்காகத்தான் சொல்லி வச்சிருக்கேன். அவன்கிட்ட மட்டும் மாட்டிக்காதீங்க."

"அவரு குடிக்கவே மாட்டாரா மாமா?"

"அவனா? கோயில் தீர்த்தத்தையே மோந்து பாத்துட்டுத்தான் வாயில வுடுவான்!"

பரணிதரன் சிரித்த சிரிப்பில் தூணும் ஜன்னலும் திரும்பிப் பார்த்தன. இரண்டு தட்டு தட்டி அய்யாவு இன்னொரு புட்டியைத் திறந்துவைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"யாருக்குப் பயம்?" என்ற அவர் குரல் அங்கிருந்து கேட்டது.

"வேற யாரு, ரெங்கத்து மச்சானுக்குத்தான்" என்றது ஒரு கட்டைக் குரல். "குடிய விட்டதுலேர்ந்து ரொம்பச் சுத்தக்காரனா ஆயிட்டான் லா. பாத்தான்னா மானம் போயிரும்."

சுகுமாறனின் கை கடலைத் தட்டின்மேல் அப்படியே நின்றது. 'குணா' என்று உதடு மட்டும் அசைந்தது. மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில் நாற்காலியில் தாழ்ந்தார்கள்.

"தூரத்து ஆளா? கவலைய விடுங்க. மீனுக்கு அந்தப் பக்கம் இப்பத்தான் காலியாச்சு" என்று அழைத்து வந்த அய்யாவு, நடையை நிறுத்தாமல், தொட்டியின் பக்கம் திரும்பியும் பார்க்காமல், ஒற்றை விரலால் விளக்கை அணைத்தார்.