சித்தப்பாவின் போர்த்தேங்காய்

நேற்றுக் கரம்பொனில் ஒரு பிறந்தநாள் வீடு. பிள்ளைகள் பலூன் உடைத்து விளையாட, குசினியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் சுருவிலில் இருந்த எங்கள் முற்றம் வந்து நின்றது. இன்று அங்கே வீடுமில்லை, முற்றமுமில்லை, பற்றைக்காடுதான்.

வருடப்பிறப்புக்கு அங்கே போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் ஓடு தடித்த தேங்காயை மண்ணில் வைக்க, மற்றவர் தன் தேங்காயால் ஓங்கி அடிக்க, எது உடைகிறதோ அது தோற்றது. ஆண்கள் தொடையில் தட்டிக் கத்திக்கொண்டிருக்க, உடைந்ததெல்லாம் குசினிக்கு வர, பெண்கள் நாங்கள் கை மரக்கத் துருவிக்கொண்டே இருப்போம்.

ஒரு வருடம் சித்தப்பாவின் தேங்காய் யாருக்கும் உடையவில்லை.

"இஞ்ச ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கத்தினார்.

நான் துருவலையை விட்டு எழும்பிப் போய், கிடந்த ஒரு தேங்காயை எடுத்து அடித்தேன். அவருடையது இரண்டாகப் பிளந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன திமிர்! இது கணக்கில்லை" என்று கன்னத்தில் அறைந்தார். வாய்க்குள் இரத்தம் உப்பாக ஊறியது.

அம்மா அந்தப் பாதிகளைத் துருவி, செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டு, உரலில் இடி இடியென்று இடித்துச் சம்பலாக்கி, மத்தியானம் எல்லாரும் பார்க்கச் சித்தப்பாவின் சோற்றுக் கோப்பையில் குவித்தார்.

"என்ன மச்சாள், வாய் வேகுது!"

"பிள்ளை அடிச்சு வெண்ட தேங்காய், தம்பி. நீர் மிச்சம் விடாமல் சாப்பிடும்."

கண்ணீர் வடிய அவர் தின்று முடிக்கும்வரை, வீங்கிய கன்னத்தோடு எதிரில் நின்று பார்த்தேன். அது போதாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.