லிஃப்ட் கமிட்டித் தலைவி

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பற்றிச் சொல்லாமல் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல முடியாது. சொல்லவும் கூசுகிறது. நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ரத்தம், சீழ், வாந்தி ஒட்டிய துணிகளைத்தான் பகல் முழுக்கப் புரட்டிப் போடுகிறேன். நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். அப்படிப்பட்ட எனக்கே அந்த லிஃப்டுக்குள் போனால் குடலைப் பிடுங்கும். தரையில் மூத்திரம் தேங்கி நிற்கும். கண்ணாடியில் எச்சில் வழிந்து காய்ந்திருக்கும். பொத்தான்களை எந்தப் புண்ணியவானோ சிகரெட்டால் சுட்டு உருக்கி வைத்திருப்பான். எட்டாவது மாடிக்குப் போக வேண்டுமென்றால் ஏழுக்கு மேலே இருக்கிற குழியில் விரலை விட வேண்டும். அந்தக் குழிக்குள்ளும் எதையாவது அப்பி வைத்திருப்பார்கள். கர்மம்!

வீட்டு வாரியம் கட்டி, குறைந்த வாடகைக்கு விட்ட குடியிருப்பு அது. நான் மூன்றாவது மாடி. அண்ணனும் அண்ணியும் எட்டாவது மாடி. எனக்குக் கால் நன்றாக இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறிவிடுவேன். அண்ணனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போதே பக்கவாதம் வந்து விழுந்தார். இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இடது கால் மரக்கட்டையாகிவிட்டது. "முதல் வருஷம்தான் முக்கியம். விடாம பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க, நடந்துடுவார். விட்டுட்டீங்கன்னா அந்தக் கால் அவ்வளவுதான்" என்று டாக்டர் அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஆக, அண்ணன் நடப்பதும் நடக்காததும் அந்தக் கண்றாவி லிஃப்டின் கையில் இருந்தது.

அண்ணி பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். ஒரு வேன் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு. அந்தக் குரலோடு வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். "ஆள் அனுப்புறோம்மா" என்பார்கள். எந்த ஆளும் வந்ததில்லை. ஒருநாள் அண்ணன் அந்த ஈரத்தில் வழுக்கி லிஃப்டுக்குள்ளேயே விழுந்துவிட்டார். ஊரான் மூத்திரத்தில் கிடந்த புருஷனைத் தூக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினாள் அண்ணி. மறுநாள் பிளீச்சிங் பவுடர் போட்டு லிஃப்டைக் கழுவினாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி இது, சிம்மாசனமா?" என்றேன்.

"ஆமா. எவன் வந்து அவுக்குறான்னு பார்க்குறேன்."

வேனுக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான். பூண்டு உரிப்பாள், கீரை ஆய்வாள், மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "லிஃப்ட் மகாராணி" என்று பட்டம் வைத்தார்கள். பிறகு ஆறாவது மாடியில் இருக்கிற ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் தானும் உட்காருவதாக வந்தார். எவனாவது துப்பப் பார்த்தால் விசில் அடிப்பார். அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். அப்புறம் இரண்டாவது மாடிப் பெண்கள், சாயங்காலத்துக்கு நான், இப்படி ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று ஒரு லிஃப்ட் கமிட்டியே ஆனது. அண்ணிதான் தலைவி. பூண்டு உரித்துக்கொண்டே ஒரு பொம்பளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த வீரனுக்கும் வராது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். லிஃப்டுக்குள் பூண்டு வாசனை அடித்தது. மனுஷர்கள் புழங்குகிற வாசனை.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் ஜம்மென்று வந்து நிற்பார். உள்ளே ஏறியதும் "ரைட், போலாம்!" என்பார். லிஃப்டின் வாசல் விளிம்பைத் தாண்ட அந்த இடது காலைத் தானே தூக்கி வைத்த அன்று, விசில் பெரிதாக ஊதி மாடி முழுக்கக் கூட்டிவிட்டார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்தக் காலம் நன்றாகத்தான் இருந்தது.

அதைக் கெடுக்க வந்து சேர்ந்தார் கோட்டு சார். வாரியத்தின் பெரிய அதிகாரி. எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். லிஃப்டில் ஏறி மூச்சை இழுத்துப் பார்த்தார். "அம்மா, இது ஒரு முன்மாதிரிம்மா!" என்றார். மறு மாதமே அண்ணிக்கு மாநாட்டு அழைப்பு. தனியாகப் போக மாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த மாநாடுகளைப் பற்றி என்னத்தைச் சொல்ல! பல் கிட்டிக்கும் குளிரில் ஒரு ஹோட்டல் மண்டபம். கழுத்தில் ஒரு அட்டை, தோளில் ஒரு பை. மேடையில் 'சமூக விரோத நடத்தை: சேர்ந்தே எதிர்கொள்வோம்' என்று ஆளுயர எழுத்து. எங்களை வட்ட மேசையில் உட்கார வைத்து, கலர் பேனா கொடுத்து, ஒரு மரம் வரையச் சொன்னார்கள். வேரில் பிரச்சினையை எழுத வேண்டுமாம். அண்ணி 'மூத்திரம்' என்று எழுதினாள். கோட்டு சார் வந்து பார்த்துவிட்டு, அதை அடித்து 'சுகாதார விழிப்புணர்வுக் குறைபாடு' என்று மாற்றினார். வேரே தெரியாமல் போய்விட்டது.

டீ இடைவேளையில் கழிப்பறைக்குப் போனேன். படித்த சீமாட்டிகள் போய்விட்டு வந்த இடம் அது. ஒருத்திக்காவது தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை. வெளியே வந்தால், காலையில் 'பொது இடமும் பொறுப்புணர்வும்' என்று மைக்கைக் கடித்துப் பேசியவர் மூக்கைச் சிந்தி மாடிப்படிக் கைப்பிடியில் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் லிஃப்டில் அதைச் செய்திருந்தால் விசில் காதைக் கிழித்திருக்கும். இங்கே அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தூ!

ஆனால் அண்ணிக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வேனில் பிள்ளைகள் வாந்தியைத் துடைக்கிறவளை ஒரு மண்டபமே எழுந்து நின்று பாராட்டினால் யாருக்குத்தான் குளிராது? ஒரு மாநாடு மூன்றாச்சு, நாலாச்சு. அவள் இல்லாத நாட்களில் நாற்காலி சும்மா கிடந்தது. "தலைவி ஊர் சுத்துவா, நாம காவல் காக்கணுமா?" என்று இரண்டாவது மாடியில் முணுமுணுத்தார்கள். எனக்கும் இடுப்பு வலித்தது, நானும் நழுவினேன்.

அப்போதுதான் ஒரு மாநாட்டில் கேமரா விற்கிறவன் ஒருத்தன் பேசினான். ஆளே உட்கார வேண்டாமாம், எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளுமாம். அண்ணி அங்கேயே எழுந்து, "எங்க லிஃப்டுக்கும் ஒண்ணு குடுங்க" என்று கோட்டு சாரை மடக்கிவிட்டாள். கொடுத்தார்கள். கமிட்டிக் கூட்டத்தில் அவளே சட்டமும் போட்டாள்.

"அசிங்கம் பண்றவன் படத்தை எடுத்து லிஃப்ட் கதவுலயே ஒட்டணும். நாலு பேர் பார்க்கணும். மானம் போனாத்தான் புத்தி வரும்."

எல்லோரும் கை தட்டினோம். கேமராவைப் பார்க்கிற பொறுப்பு விசிலுக்கு. பதிவாகிறதெல்லாம் வாரிய அலுவலகத்துக்கும் போகும். முதலில் ஒரு தடிப்பயல் படம் ஏறியது. அவன் அதன் பக்கத்தில் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டான். மானம் என்று ஒன்று இருந்தால்தானே போவதற்கு? ஆனாலும் கேமராவுக்குப் பயந்து மற்றவர்கள் அடங்கினார்கள், லிஃப்ட் ஓரளவு சுத்தமாக இருந்தது. நாற்காலியை எடுத்துவிட்டோம்.

அண்ணனுக்கும் துணை வேண்டாம் என்று ஆனது. லிஃப்டில் தானே இறங்கிப் போய், வாசலில் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறி, தானே திரும்பி வந்தார். கொஞ்ச நாள்தான். திடீரென்று ஒருநாள், "நான் இனிமே பயிற்சிக்குப் போகல" என்றார். அண்ணி கெஞ்சினாள், திட்டினாள், தட்டைத் தூக்கிப் போட்டாள்.

"உங்களுக்காகத்தானே நான் நாய் மாதிரி அந்த லிஃப்டுல கிடந்தேன்? இப்ப கால் வர்ற நேரத்துல சோம்பேறித்தனமா?"

"முடியல, விடு" என்பதோடு சரி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வாரங்கள் போனதும் கால் மறுபடி கட்டை போலானது. வீட்டுக்குள் கழிப்பறைக்குப் போகவே அவளைப் பிடித்துக்கொண்டார். நானும் போய் நன்றாகக் கேட்டேன். "பஸ் ஓட்டினவருக்கு லிஃப்ட்ல போக என்ன கேடு?" என்று கூடக் கேட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் பெரிய மாநாடு வந்தது. அண்ணிக்கு விருது. போகவே மாட்டேன் என்றவளை அண்ணன்தான் "போய்ட்டு வா, நல்ல பேரு" என்று அனுப்பி வைத்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் பேசுவதற்கு முன்னால் கோட்டு சார் திரையில் எங்கள் லிஃப்டைக் காட்டினார். முன்பு இப்படி, இப்போது இப்படி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இதோ, கேமரா வந்த பிறகு கையும் களவுமா பிடிபட்ட ஒரு சமூக விரோதி!" என்றார்.

சுவர் அளவுக்குப் படம் விழுந்தது. முகத்தைக் கட்டம் கட்டமாக மறைத்திருந்தார்கள். லிஃப்டின் மூலையில் ஒருவர், வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கால்சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து, காலடியில் தேங்கிக் கிடக்கிறது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. நீலக் கோடு போட்ட சட்டை. அதை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

மண்டபம் முழுக்க "சீ... சீ..." என்றது. சிலர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் கேக் தட்டோடு இருந்த அம்மாள், "மிருகங்க! இதுங்களுக்கெல்லாம் எதுக்கு வீடு குடுக்குறாங்க?" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் கேக்கைப் போட்டுக்கொண்டாள். அந்தத் தட்டை அவள் முகத்தில் அப்பியிருக்க வேண்டும். கை எழவில்லை எனக்கு.

அண்ணி எழுந்தாள். அவள் பேசத்தான் வருகிறாள் என்று கோட்டு சார் மைக்கைக் கொடுத்தார்.

"அந்தப் படத்தை எடுங்க" என்றாள்.

கோட்டு சார் குனிந்து மெல்லச் சொன்னார். "முகம் தெரியாதும்மா. மறைச்சுத்தான் போட்டிருக்கோம்."

"எனக்குத் தெரியுதே! பதினெட்டு வருஷமா இந்த ஆளோடதானே படுத்து எழுந்திருக்கேன்!"

மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கை தட்டினார்கள். விருதை ஒரு பெண் வாசல் வரைக்கும் ஓடி வந்து என் கையில் திணித்தாள். வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பஸ்ஸில் அவள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "நான்தானேடி கேமரா கேட்டேன்." நாங்கள் எல்லோருமே கை தட்டியவர்கள்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"காட்டிட்டாங்களா?" என்றார்.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பசங்க சும்மா விளையாட்டுக்கு எல்லா மாடிக்கும் அழுத்திட்டு இறங்கிப் போயிட்டாங்க. ஒவ்வொரு மாடியா தொறக்குது, மூடுது. அடக்கிப் பார்த்தேன். முன்ன மாதிரி அடக்க வரல" என்றார். "விசில் மறுநாளே படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நல்லவன், கதவுல ஒட்டல. உன்கிட்ட சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நீ தலைவி. உன் புருஷனே இப்படின்னு ஒருத்தன் பேசிடக் கூடாது பாரு."

"அந்தப் பசங்க படம் எங்கே?" என்று நான் கத்தினேன். "அவனுங்க அழுத்தினது கேமராவுல விழலையா?"

"பொத்தானை அழுத்துறது குத்தம் இல்லையேம்மா" என்றார் அண்ணன். பிறகு அண்ணியைப் பார்த்து, "நான் போறதை நிறுத்தின பிறகு லிஃப்ட் சுத்தமா இருக்கா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அண்ணி போய் அவருடைய செருப்புகளை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, அவருடைய இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி வாரை மாட்டினாள்.

"எழுந்திரிங்க. இப்பவே கீழே போறோம். எவன் என்ன சொல்றான்னு பார்க்குறேன்" என்றாள்.

அண்ணன் தலையாட்டி மறுத்தார். வலது காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இடது காலை அவரால் இழுக்க முடியவில்லை. செருப்போடு அது அவள் மடியிலேயே கிடந்தது.