மணலில் துடுப்புப் போட்ட திரெபிஸ்

திரெபிஸ் முதன்முதலாகத் துடுப்புப் போட்டது கடலில் அல்ல, கடற்கரை மணலில். அலை கண்ணுக்குத் தெரிந்தது. கப்பல்தான் இல்லை.

இத்தாலியின் சாம்னிய மலையில் அடுத்தவர் ஆடுகளை மேய்த்துப் பிழைத்தவன் அவன். சிசிலித் தீவு யாருக்கு என்று ரோமும் ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜும் மல்லுக்கு நின்ற காலம் அது. சிசிலியில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கார்த்தேஜிடம் கப்பல்கள் இருந்தன, ரோமிடம் இல்லை. மரத்தை வெட்டினால் கப்பல் செய்துவிடலாம். ஓட்டுவதற்கு ஆள்? தனக்கு அடங்கிய மலையூர்களுக்கெல்லாம் ரோம் சொல்லியனுப்பியது. திரெபிஸின் ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் கூடினார்கள். போருக்குப் போவது எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்று வெகுநேரம் பேசினார்கள். பிறகு அந்தப் பாக்கியத்தை நிலம் இல்லாதவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

கடற்கரையில் மரச்சட்டம் அடித்து, அதில் வரிசையாகப் பலகைகள் போட்டிருந்தார்கள். கையில் துடுப்பைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். பழக்கிவிட வந்தவர் லிகோன், நேப்பிள்ஸ் பக்கத்துக் கிரேக்கர், தொண்டை பெரியது.

"இழு! விடு! டேய், மலைக்காரா! அது துடுப்புடா, கூழு கிண்டுற கரண்டியில்ல!"

திரெபிஸ் நிறுத்தினான். "ஐயா, தண்ணி எப்போங்க வரும்?"

"தண்ணி உன்கிட்ட வராது. நீதான் தண்ணிகிட்டப் போவே. அதுவரைக்கும் இருக்குன்னு நெனச்சு இழு."

"இல்லாத தண்ணியில எப்படிங்க இழுக்கிறது?"

"இல்லாத கப்பல் படைக்குத்தானே உன்னைப் பிடிச்சிட்டு வந்திருக்காங்க? இழு!"

சிப்பி பொறுக்க வந்த மீனவப் பெண்கள் தினமும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள். "ஏம்பா, கரை சேர்ந்துட்டீங்களா? இல்ல, இன்னும் நடுக்கடல்லதான் இருக்கீங்களா?"

மணலில் திரெபிஸ் புலி. லிகோனே தட்டிக்கொடுத்தார். நிஜக் கப்பலில் ஏறிய அன்று, கரை மறைவதற்குள், கீழ்ப்பலகையில் இருந்தவன் தலையில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு கீழ்ப்பலகைக்காரர்கள் அவனைக் கூப்பிட்ட பெயரை இங்கே சொல்ல முடியாது.

முதல் சண்டையை அவன் பார்க்கவே இல்லை. கப்பலின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் முதுகு மட்டும்தான். அவனுக்கு முன்னால் ஸ்தேனிஸ். அகலமான முதுகு, நடுவில் ஒரு மச்சம், வெயிலே படாமல் வெளுத்துப்போன தோல். எங்கோ முட்டியது. மேலே அலறல் கேட்டது. பலகை இடுக்கு வழியாகச் சூடாக ஏதோ சொட்டியது. பிறகு ஒருவன் எட்டிப்பார்த்து, "ஜெயிச்சுட்டோம்டா!" என்று கத்தினான்.

"யாரை?" என்றான் ஸ்தேனிஸ், திரும்பாமலே.

"தெரியல. ஆனா ஜெயிச்சுட்டோம்."

இரண்டு பேரும் தோளைத் தேய்த்துக்கொண்டு அன்றைய கூழுக்குக் காத்திருந்தார்கள்.

சில வருடம் கழித்து, கோடை முடிகிற நேரத்தில், சிசிலியின் தெற்குக் கரையோரமாக இப்போது போகவேண்டாம் என்று மாலுமிகள் தளபதியிடம் சொன்னார்கள். கரையில் இருந்த ஊர்களுக்குத் தன் பலத்தைக் காட்டவேண்டும் என்று தளபதிக்கு ஆசை. கடலும் ரோமுக்குக் கட்டுப்பட்டதுதான் என்றார். கடலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. புயல் கப்பல்களைப் பாறையில் போட்டு உடைத்தது. திரெபிஸ் துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கினான். ஸ்தேனிஸ் ஒதுங்கவில்லை. பிணங்களுக்கு நடுவே அவனைத் தேடும்போதுதான் திரெபிஸுக்கு உறைத்தது: ஸ்தேனிஸின் முகம் நினைவில் சரியாக இல்லை. அதனால் ஒவ்வொரு உடலையும் குப்புறப் புரட்டி, முதுகைப் பார்த்தான். கடைசிவரை அந்த மச்சம் கிடைக்கவில்லை. மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

தளபதி பிழைத்துக்கொண்டார். ரோமில் அவருக்கு நல்ல வரவேற்பு என்று கேள்வி. திரெபிஸை அனுபவசாலி என்று சொல்லி அடுத்த கப்பலில் உட்காரவைத்தார்கள்.

அந்தக் கப்பலைக் கார்த்தேஜ்காரர்கள் பிடித்தார்கள். அவனைப் பிடித்த இடத்திலிருந்து அதிக தூரம் கொண்டுபோகவில்லை. பலகையிலிருந்து எழுப்பி வேறொரு கப்பலின் பலகையில் உட்காரவைத்தார்கள். அங்கே மேற்பார்வைக்கு அரிஷ் என்று ஒருவர். மொழிபெயர்க்க ஆளை வைத்துக்கொண்டு பேசினார்: "இந்தச் சண்டை நாம கேட்டு வந்ததில்ல. அவங்க பேராசையில வந்தது. நம்ம பிள்ளைங்க நிம்மதியா இருக்கணும்னுதான் நாம..." இந்த இடத்தில் அவர் குரல் கம்மியது. ரோமானிய அதிகாரிக்கும் இதே இடத்தில்தான் கம்மும்.

கூழில் மட்டும் வித்தியாசம். இங்கே மீன் சாறு கலந்தார்கள். இன்னொன்று, காலில் விலங்கு. ரோமானியக் கப்பலில் விலங்கு கிடையாது. ஓடிப்போனால் ஊரைக் கொளுத்துவோம் என்று சொல்லிவைத்திருந்ததால், அவர்களுக்கு இரும்பு மிச்சம்.

வருடங்கள் ஓடின. அவன் தாடி நரைத்தது. கடைசிச் சண்டையில் அவன் இருந்த கப்பல் தானிய மூட்டைகளோடு ஆமைபோல நகர்ந்துகொண்டிருந்தது. ரோமானியக் கப்பலின் வெண்கல மூக்கு பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு அவன் முழங்கால் அருகே வந்து நின்றது. வெளியே இழுத்து, கார்த்தேஜ்காரர்களோடு சேர்த்துக் கரையில் சங்கிலியில் கட்டினார்கள். காவல்காரன் விலாவில் குத்த, திரெபிஸ் வலியில் தன் மலைப்பேச்சில் அவனையும் அவன் வீட்டுக் கிடாவையும் சம்பந்தப்படுத்தி ஒன்று சொன்னான்.

காவல்காரன் பாக்கிஸ் திரும்பினான். "ஏலே, இப்ப என்ன சொன்னே?"

"காது கேட்கலையா? திருப்பிச் சொல்லணுமா?"

"எந்த ஊருலே நீ?"

"வெள்ளைப்பாறைக்கு மேற்கால."

"மேற்காலயா? எங்க மேய்ச்சக்காட்டுல ஆட்டைப் பத்திவிட்ட களவாணிப்பயலுக நீங்கதானா?"

"அது உங்க காடுன்னு எவன்லே சொன்னான்?"

அந்தக் காடு யாருக்கு என்று இருவரும் சங்கிலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக நின்று நெடுநேரம் கத்தினார்கள். பிறகு பாக்கிஸ் அவனை அதிகாரியிடம் கூட்டிப்போனான்.

"நீ எந்தப் பக்கம்?" என்றார் அதிகாரி.

"எந்தப் பக்கம் உக்கார வெச்சீங்களோ அந்தப் பக்கந்தான், ஐயா."

இவனைத் தண்டிப்பதா, விடுவிப்பதா என்று அதிகாரி யோசித்தார். பிடித்த கப்பல்களை ஓட்ட ஆள் குறைவாக இருந்தது. "நீ நம்ம ஆளுதான்" என்று முடிவுசெய்து, கார்த்தேஜ் கப்பல் ஒன்றில் உட்காரவைத்தார்.

துறைமுகத்தில் கூட்டம். வென்ற கப்பல்களுக்குப் பூமாலை, பிடிபட்ட கப்பல்களுக்குக் கல். ஒரு கல் திரெபிஸின் நெற்றியைக் கிழித்தது. "அடேய், நான் உங்க ஆளுடா!" என்று தன் பேச்சில் அலறினான்.

"பார்த்தியா திமிரை! கார்த்தேஜ் பாஷையில திட்டுறான்!" என்றது கூட்டம். அடுத்த கல் இன்னும் பெரியதாக வந்தது.

போர் முடிந்ததென்று துடுப்புக்காரர்களை அனுப்பிவிட்டார்கள். திரெபிஸ் நெற்றியில் துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறினான். அவன் மனைவி விபியா பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குச் சொந்தமாகவே ஆடுகள் இருந்தன. அவனை உற்றுப் பார்த்தாள்.

"செத்துட்டதா சொன்னாங்களே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும். அழுதுகூட முடிச்சாச்சு." துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் நெற்றித் துணியை மெல்ல அவிழ்த்தாள். "இது யாரு பண்ணின வேலை?"

"நம்ம ஜனம்தான்."

கார்த்தேஜும் ரோமும் இனி நண்பர்கள் என்று சத்தியம் செய்துகொண்டன. அந்தச் சத்தியத்தின் சூடு ஆறுவதற்குள், ரோமுக்குச் சார்டினியாத் தீவின்மேலும் கண் விழுந்தது. பழகிய துடுப்புக்காரர்கள் வேண்டும் என்று ஓர் அதிகாரி மலையேறி வந்தார். திரெபிஸ் அன்று ஆடுகளோடு மேல்காட்டில் இருந்தான்.

"இங்க திரெபிஸ்னு ஒருத்தர்..."

"கப்பல்ல போனாருங்க" என்றாள் விபியா. "அந்தக் கப்பல் புயல்ல உடைஞ்சு போச்சு." இரண்டும் உண்மை.

அதிகாரியோடு வந்திருந்த நிலக்காரர் மாமெர்க் தொண்டையைக் கனைத்தார். "அதாவது, அவரு வந்து..."

"உங்க பசங்க எங்கண்ணே?" என்று விபியா அவர் பக்கம் திரும்பினாள். "காலையில மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால வைக்கோலுக்குள்ள பூந்ததைப் பார்த்தேனே."

மாமெர்க் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாவம், ரொம்ப நல்ல மனுஷன் ஐயா. அற்ப ஆயுசுல போயிட்டாரு."

அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரர் செஞ்ச தியாகத்தை ரோம் மறக்காதும்மா."

"சும்மா ஞாபகம் வெச்சுட்டு என்னங்க பண்ணப்போறீங்க? ஒரு கிடா குடுங்க."

அதிகாரி அவசரமாகத் தன் குதிரையைத் தேடினார்.

அதற்குப் பிறகு திரெபிஸ் நெடுநாள் உயிரோடு இருந்தான். வரி கேட்டு வருகிறவர்கள்கூட அவன் பெயரைச் சொல்வதில்லை.