மயோர்க்காக் கடலில் முதல் பத்து அடி

இடது முழங்கால் மூட்டை மாற்றிப் பதினொரு மாதம் கழித்து, செப்டம்பர் நடுப்பகுதியில், ஒரு கிழமை ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் போய்வந்தேன். காரணம், ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் அடுக்குமாடியின் கீழறையில் நிற்கும் ஒரு ரோலாட்டர். நான்கு சில்லும் இரண்டு பிரேக்கும் ஒரு கூடையும் வைத்த நடைவண்டி அது. இங்கே என் வயதுக்காரர் பலர் அதைத் தள்ளிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள். மகள் வாசுகி என்னைக் கேளாமலே ஒன்றை வாங்கி வைத்துவிட்டாள்.

"கடலுக்குள்ள தனிய இறங்கித் தனிய ஏறி வந்தீங்கள் எண்டால் அது கீழயே நிக்கட்டும். ஏலாட்டி மேல கொண்டுவருவன். சரியோ அம்மா?"

"ஓம், சரி" என்றேன். பயணம் அப்படி முடிவானது.

கணவர் காலமான பிறகு எனக்குப் பயணத்துணை அவருடைய தங்கை புஷ்பம். மச்சாள் கடலில் காலை நனைக்க மாட்டாள். ஆனால் புட்டை அவித்துப் பொதிசெய்து, விமான நிலையச் சோதனையில் சிறிதும் கூச்சமின்றித் திறந்து காட்டுவாள். டுசல்டோர்ஃபிலிருந்து காலை 6.10க்கு விமானம், பறப்பு இரண்டு மணி இருபது நிமிடம். அங்கிருந்து தீவின் வடக்கே, அல்கூடியாத் துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பேருந்து. விமானமும், காலை இரவு உணவோடு அறையும் சேர்த்து ஆளுக்கு 742 யூரோ. பாடசாலை விடுமுறை முடிந்துவிட்டதால் கூட்டம் குறைவு. கடல்நீர் மட்டும் இன்னும் இளஞ்சூடாகவே இருந்தது.

கடற்கரை தெரிவு செய்ய இணையத்தில் தேடியவர்களுக்கு என் ஆத்திரம் விளங்கும். எல்லோரும் மேலேயிருந்து படம் எடுக்கிறார்கள். பச்சை எது நீலம் எது என்று வர்ணிக்கிறார்கள். நீருக்குள் முதல் பத்து அடி எப்படியிருக்கும் என்று ஒருவரும் எழுதுவதில்லை. மணலா கல்லா? மெல்லச் சரிகிறதா, திடீரென்று இறங்குகிறதா? மலசலகூடம் எத்தனை தூரம்? என்னைப் போன்றவர்களுக்கு வேண்டியது அதுதான்.

முதலில் காலா சான் விசென்ஸ் என்ற குடாவுக்குப் போனோம். பேருந்தில் ஏறும்போதே சாரதி ஜெர்மன் மொழியில் கேட்டார்: "குளிக்கவா, படம் எடுக்கவா?"

"குளிக்க."

"படம் எடுக்க நல்ல இடம்" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினார்.

அவர் சொன்னது சரி. மலையும் நீரும் கண்கொள்ளாக் காட்சி. கீழே இறங்கப் படிகள், படிகளின் முடிவில் வடகாற்றில் புரளும் அலை. மேலே உட்கார்ந்து புட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாவது ஃபோர்மென்டோர்க் கடற்கரை. பேருந்தில் முக்கால் மணி நேரம், மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும். பைன் மரங்கள் நீர்விளிம்பு வரை நிழல் தருகின்றன, குடைக்குச் செலவில்லை. ஆனால் மணல் ஒடுக்கம். கரை ஒதுங்கிய சாதாழை என்ற கடற்புல் மெத்தை மாதிரிக் குவிந்து கிடந்தது, அதற்கப்பால் சிறு கற்கள். கணுக்கால் நனைந்த நேரம் பார்த்து ஒரு படகின் அலை வந்தது. முழங்கால் ஆடியது.

"மச்சாள், வெளியால வாங்கோ! வாசுகிக்கு என்னால பதில் சொல்ல ஏலாது!" என்று, அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கப் புஷ்பம் கத்தினாள்.

வெளியே வந்தேன். அன்று பின்னேரம் வாசுகி தொலைபேசியில் "இறங்கினீங்களோ?" என்று கேட்டாள். "இடம் பாக்கிறன்" என்றேன். பக்கத்திலிருந்த புஷ்பம் எட்டி, "பிள்ளை, ரோலாட்டர் என்ன நிறம்? சிவப்பெண்டால் மச்சாளுக்கு வடிவாயிருக்கும்" என்றாள். அன்றிரவு நான் அவளோடு பேசவில்லை.

மிஞ்சியது, விடுதியிலிருந்து ஐந்து நிமிட நடையிலிருந்த அல்கூடியாக் கடற்கரை. முதல்நாளே பார்த்தேன், எங்கும் வாளியும் மண்வெட்டியுமாகச் சின்னப்பிள்ளைகள். அது எனக்கான இடமில்லை என்று ஒதுக்கியிருந்தேன். நான்காம் நாள் காலை எட்டரைக்கு, வேறு வழியின்றிப் போனேன். இரண்டு சாய்கதிரையும் குடையும் 18 யூரோ. புஷ்பம் அதில் சாய்ந்துகொண்டாள். மாவு போன்ற மணல். நீருக்குள் தரை மிக மெல்லச் சரிந்து போகிறது. நெடுநேரம் விளிம்பிலேயே நின்றேன். குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, கால்தான் எழவில்லை.

"மன்னியுங்கள்" என்று ஒரு குரல். என்னைவிட இரண்டு மூன்று வயதாவது மூத்த ஜெர்மன் பெண்மணி. டிரெஸ்டன் பக்கத்துப் பேச்சு. "எனக்குக் கால் தடுமாறுகிறது. உங்கள் கையைக் கொஞ்சம் தருவீர்களா?"

உதவி கேட்டால் மறுக்கக்கூடாது என்று நான் படித்த கன்னியர் மடத்துச் சகோதரிகள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். "தாராளமாக. பயப்படாமல் வாருங்கள்" என்று அவர் முழங்கையைப் பிடித்தேன். "அலை வந்தால் பக்கவாட்டாக நில்லுங்கள். அவசரம் வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனேன். முழங்கால், தொடை, பிறகு இடுப்பு வரை நீர்.

"மிக்க நன்றி. இனிச் சமாளிப்பேன்" என்றார். கையை விட்டார். நீரில் குப்புறச் சாய்ந்தார். மஞ்சள் மிதவையை நோக்கி ஒரே சீராக நீந்திப் போனார். எங்கள் வட்டாரத்து நீச்சல் தடாகத்தில்கூட அப்படி ஒரு நீச்சலை நான் கண்டதில்லை.

ஒரு நிமிடம் கடுங்கோபம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கரை எங்கேயோ இருந்தது. புஷ்பத்தின் குடை சின்னதாகத் தெரிந்தது. சுற்றிலும் பிடிக்க ஒரு கை இல்லை. நான் தனியே நின்றுகொண்டிருந்தேன். அதோடு கோபம் போய்விட்டது. கழுத்து வரை அமிழ்ந்து அரை மணி நேரம் இருந்தேன். பின்பு தனியே நடந்து கரையேறினேன்.

மறுநாள் அந்தப் பெண்மணியிடம் நேரே கேட்டேன்: "உங்களுக்குக் கால் தடுமாறவேயில்லை, அல்லவா?"

"நேற்றுக் கொஞ்சம் தடுமாறியது" என்றார், முகம் மாறாமல்.

மூட்டு மாற்றியவர்களுக்குச் சில சொல்வேன். அழகான குடாவுக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குளிக்கச் சின்னப்பிள்ளைகள் விளையாடும் கரைக்குப் போங்கள். பத்து மணிக்கு முன்பே போனால் கடல் அமைதி. நீருக்குள் போடும் சப்பாத்து கட்டாயம். ஏறும்போது கடலுக்கு முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டாக நடவுங்கள். விளிம்பில் தயங்கி நிற்கும் யாரையாவது கண்டால், உங்களுக்குக் கால் தடுமாறுகிறது என்று சொல்லுங்கள். கடைசி நாள் நானும் ஹம்பேர்க்கிலிருந்து வந்த ஒருவரிடம் சொன்னேன்.

வாசுகி விமான நிலையத்திலேயே விசாரணையைத் தொடங்கினாள். "உண்மையைச் சொல்லுங்கோ. ஆரும் கையைப் பிடிச்சு இறக்கினவையோ?"

"இல்லை. நான்தான் ஒராளைப் பிடிச்சு இறக்கினனான். மாமியைக் கேள்."

புஷ்பம் வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடினாள். "ஓம் பிள்ளை. என்ர கண்ணால கண்டனான்."

ரோலாட்டர் கீழறையிலேயே நிற்கிறது. அதன் கூடையில் என் கடல் சப்பாத்தை வைத்திருக்கிறேன்.