வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோன வேன்

என் மனைவி கோவிந்தம்மா வேன் ஓட்டினாள். இதை நான் எப்போதும் சத்தமாகத்தான் சொல்லுவேன். 1964-இல் எங்கள் தீவின் வடக்கே, தேர் ரூஜ் ஊரில் வேன் ஓட்டிச் சம்பாதித்த பெண் அவள் ஒருத்திதான். நான் தலைநகர் போர் லூயியில் அரசாங்க குமாஸ்தா. "வேனை அவள் பார்த்துக்கொள்கிறாள், அடுப்பை நீ பார்த்துக்கொள்கிறாயா விநாயகம்?" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். ஆமாம், என் ரசம் நன்றாகவே இருக்கும் என்று பதில் சொல்லுவேன்.

அவள் அப்பா வடக்கே ஒரு சர்க்கரை ஆலையில் கொதிகலனுக்கு நெருப்புப் போட்டவர். முப்பத்தேழாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார் என்று குடும்பத்தையே தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றினார்கள். அப்போது கோவிந்தம்மாவுக்குப் பதினைந்து வயது. பிறகு போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, கரும்புப் பாகில் வடித்த சாராயத்தைக் கலந்து ஊற்றினார்கள். அவளுடைய அண்ணனின் பஸ் அந்தக் கலவையைக் குடித்துவிட்டு வழியெல்லாம் இருமும். அழுக்கு அடைத்த கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ அண்ணனுக்குப் பொறுமை கிடையாது, இவளுக்கு இருந்தது. அப்படித்தான் எஞ்சின் அவளுக்குப் பழக்கமானது.

வேன் போருக்கு முந்தியது. ஒரு தோட்டத்துக் கடையின் பின்புறம் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அதை யாரும் சீண்டவில்லை. இவள் ஆறு மாதம் மல்லுக்கட்டி ஓட வைத்தாள். தினமும் பிற்பகல் ஒரு மணிக்குத் தேர் ரூஜ் பேக்கரியில் சூடான ரொட்டியை ஏற்றிக்கொண்டு, மூன்று மணிச் சங்கு ஊதுவதற்குள் தெற்கே பீனிக்ஸ் ஊரில் இறக்க வேண்டும். அங்கே தொழிற்சாலை வாசலில் கடை வைத்திருந்தவள் மதாம் ஊகெட். சங்கு ஊதினால் ஆட்கள் வெளியே வருவார்கள், ரொட்டி இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஜூலை மாதம் வேன் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று இரண்டு தரம் விக்கும், அணைந்துவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

மெக்கானிக் ஜான்-மார்க் பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினான். வடிகட்டியை மாற்றினான். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று பம்பைச் சுற்றி ஈரத்துணி கட்டினான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "மதாம், லி ஃபினி. இதோட கதை முடிஞ்சிடுச்சி. எஞ்சின் களைச்சிப் போச்சி, வித்துடுங்க" என்றான்.

"களைச்ச எஞ்சின் புதன்கிழமை மட்டும் ஏன் களைக்கலே?" என்று கேட்டாள் கோவிந்தம்மா.

அவள் கவனித்திருந்தாள். நிற்பது பெரும்பாலும் வெள்ளியும் சனியும்தான். திங்கள் ஒருமுறை, புதன் ஒருமுறைகூட இல்லை. ஜான்-மார்க் தோளைக் குலுக்கினான். எனக்கோ ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் கண்ணேறுதான், வேறென்ன? பெண் ஓட்டுகிற வண்டி, ஊரே பார்க்கிறது. வெள்ளிதோறும் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தேன், சூடம் காட்டினேன். வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது ஏற்கெனவே என் பொறுப்பு. அதையும் தாராளமாகவே வைத்தேன்.

இரண்டு வாரம் ரொட்டி தாமதமாகப் போனது. மதாம் ஊகெட் கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கும் பிழைப்பு உண்டு. "கோவிந்தம்மா, சனிக்கிழமை ஒரு தடவை பாப்பேன். சங்கு ஊதறதுக்குள்ளே வரல்லேன்னா திங்கள்லேருந்து வேற வண்டி" என்றாள். அந்த ஓட்டம் போனால் வேனை வைத்துக்கொள்ள முடியாது. வேன் போனால் அவள் திரும்பவும் என் சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் உட்கார வேண்டும். அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. நானும் வருகிறேன் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் அவள் டாங்கை விளிம்பு வரை நிரப்பிவைத்தாள். நான் அவளுக்குத் தெரியாமல் இன்னொரு முறை சந்தனம் குழைத்துக்கொண்டு போனேன்.

வேன் போர் லூயியைத் தாண்டியது. கோரோமாண்டல் ஏற்றத்தின் பாதியில் விக்கியது, நின்றது. இவ்வளவு சீக்கிரம் அது நின்றதே இல்லை. பின்னால் ரொட்டி வாசனை. நான் முருகா முருகா என்று உருகிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வாயை மூடுங்க," என்றாள். "டாங்கு நெறைஞ்சா சீக்கிரம் நிக்கிது. கொறைஞ்சா தள்ளி நிக்கிது. ஏன்?"

இறங்கிப் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினாள். ஸ்ஸ் என்று காற்றை உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் மூடியைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டாம். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். போகாவிட்டால் பெட்ரோல் எஞ்சினுக்கு வராதாம். டாங்கு நிறைந்திருந்தால் உள்ளே காற்று குறைவு, அதனால் சீக்கிரமே நின்றுவிடுமாம். அந்தத் துளைக்கு நேர் மேலே, விரல் கனத்துக்கு, என் சந்தனமும் குங்குமமும். முன்கண்ணாடியில் வைத்தது போதாதென்று, வண்டி சாப்பிடுகிற இடம் இதுதானே என்று ஜூலையிலிருந்து நானாக யோசித்து வைத்தது. வெள்ளிக்கிழமை ஈரமாக அடைக்கும், திங்களுக்குள் காய்ந்து வெடிக்கும், புதனுக்குள் உதிர்ந்துவிடும். நிலைப்படியிலும் பொட்டு, அடுப்பிலும் பொட்டு, ரேடியோவிலும் பொட்டு என்று வாழ்கிற வீட்டில் மூடிமேல் ஒரு பொட்டு யார் கண்ணில் உறுத்தும்?

"நான்தான்," என்றேன்.

அவள் திட்டவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவித் துளையைக் குத்தினாள், வாயால் ஊதினாள், முந்தானையால் துடைத்தாள். மூடியைப் போட்டுவிட்டு, "ஆலே, கெளம்பலாம், ஏறுங்க" என்றாள். கிளப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரோஸ் ஹில்லைத் தாண்டி பீனிக்ஸ் வரைக்கும் ஒரு விக்கல்கூட இல்லை.

மதாம் ஊகெட் கையில் கடிகாரத்தோடு நின்றாள். கடைசிக் கூடையை நான் இறக்கி வைத்தபோதுதான் சங்கு ஊதியது. "கி ஆரிவே? என்னதான் கோளாறு?" என்று கேட்டாள். "தூசி. மூடியிலே அடைச்சிருந்திச்சி" என்றாள் கோவிந்தம்மா, என் பக்கம் திரும்பாமலே.

ஜான்-மார்க்கிடமும் அதையேதான் சொன்னாள். அவன், "தூசியா? நல்ல நேரம் மதாம், அதிர்ஷ்டம்" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அதிர்ஷ்டமாமே! அவன் மூன்று வாரம் கழற்றி மாட்டியும் காணாததை இவள் காதாலும் மூளையாலும் நடுரோட்டில் கண்டுபிடித்திருக்கிறாள். "தூசி இல்லை, என் சந்தனம்," என்று அங்கேயே நின்று முழுக்கதையையும் சொன்னேன். கராஜே சிரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலிலும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் பெயருக்கு வர வேண்டியது வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு தேர் ரூஜில் யார் வண்டி மக்கர் செய்தாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

அறுபத்தெட்டு மார்ச் பன்னிரண்டாம் தேதி, நாடு சுதந்திரம் பெற்ற அன்றும் வேன் ஓடியது, முகப்பில் நாலு நிறக் கொடியோடு. மதாம் ஊகெட் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ரொட்டி கேட்டிருந்தாள். கிளம்பும்போது வழக்கம்போலக் குங்குமச் சிமிழோடு போனேன். கோவிந்தம்மா கையால் மூடியை மறைத்துக்கொண்டு, "அதுக்கு வேணாம். எனக்கு வைங்க" என்று நெற்றியைக் காட்டினாள்.

வைத்தேன். பீனிக்ஸில் கூடை இறக்கும்போது புதுப் பையன் ஒருவன், யார் இந்த ஆள் என்று மதாம் ஊகெட்டைக் கேட்டான். "இவரா? கோவிந்தம்மா புருஷன்," என்றாள். இருபது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். இதைவிடப் பெரிய பதவி எனக்கு யாரும் கொடுக்கவில்லை.